கச்சானும் கடல் புறாவும்: ராமநாதபுரம் கரையிலிருந்து சாண்டில்யன்

வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அழகன்குளம். 1986-87இல் தொடங்கித் தொல்லியல் துறை அங்கே பலமுறை குழி போட்டது. ரோமானியக் காசு, மது கொண்டுவந்த இருகைச் சாடியின் உடைசல் என்று வரிசையாகக் கிடைத்தன. அவற்றோடு ஒரு பானை ஓடு. அதில் யாரோ ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார்கள். மூன்று பாய்மரம் கொண்ட ரோமானியப் பெருங்கப்பலோடு அதை ஒப்பிடுகிறார்கள் ஆய்வாளர்கள். கோடுகள் கொஞ்சம்தான். எந்தக் கயிறு எங்கே முடிகிறது, பலகை எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று அதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பார்த்தவனுக்கு எது கண்ணில் பட்டதோ அது மட்டும் இருக்கிறது: பெரிசு, பாய் நிறைய, தூரத்திலிருந்து வந்தது.

சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனின் கப்பல்களும் இந்த ஓட்டுக் கப்பல் மாதிரிதான். கரையில் நின்றவன் கண்ட கப்பல்கள் அவை. கட்டிய ஓடாவியின், அதாவது மரக்கலத் தச்சனின், கணக்கு அவற்றில் குறைவு. பார்த்தவனின் பிரமிப்பு நிறைய. இதை வசையாகச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேரை வாராவாரம் கடலுக்குள் இழுத்துப்போனது அந்தப் பிரமிப்புதான். ஆனால் வடகடலும் (பாக் நீரிணை) தென்கடலும் (மன்னார் வளைகுடா) இரண்டு பக்கமும் கிடக்கும் இந்தக் கரையில் உட்கார்ந்து வாசித்தால், எந்த இடம் தாங்குகிறது, எந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஆளைப் பற்றி முதலில். பாஷ்யம் என்பது இயற்பெயர். 1910 நவம்பர் 10இல் திருக்கோவிலூரில் பிறந்தார். சொந்த ஊர் மாயவரத்தை ஒட்டிய திருஇந்தளூர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். சென்னை தி.நகரில் குடியேறியபோது அக்கம்பக்கத்தில் கல்கி. முதல் கதைகள் சிலவற்றை விகடனில் போட்டதும் கல்கிதான். 1935 முதல் 1942 வரை சுதேசமித்திரனில் நிருபர் வேலை. பிறகு சினிமாப் பக்கம் போய், பி.என்.ரெட்டியின் ‘ஸ்வர்க்க சீமா’ (1945), நாகையாவின் ‘என் வீடு’ (1953) ஆகியவற்றின் திரைக்கதையில் கைகொடுத்தார். சரித்திரக் கதைக்கு அமுதசுரபி வழியாக வந்து, குமுதத்தில் நிலைத்தார். தொடர்கதை எழுதுவதற்காகவே குமுதம் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. தமிழில் அப்படி ஒரு ஏற்பாடு அபூர்வம். குமுதத்தை விட்டு வந்தபின் ‘கமலம்’ என்று சொந்தமாக ஒரு வார இதழ் நடத்திப் பார்த்தார், ஓடவில்லை. 1987 செப்டம்பர் 11இல் காலமானார்.

நிருபர், திரைக்கதைக்காரர், சம்பளத் தொடர்கதைக்காரர் என்ற மூன்று வேலையும் அவர் எழுத்தில் அப்படியே ஒட்டியிருக்கின்றன. நிருபருக்குக் கெடு தவறக் கூடாது. சினிமாக்காரருக்கு ஒரு காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும். சாண்டில்யனின் அத்தியாயங்களில் விளக்கும் சாளரமும் கதவும் எங்கே இருக்கின்றன என்பதில் குழப்பமே வராது. தொடர்கதைக்காரருக்கோ ஏழு நாள் ஆறாமல் சூடாக இருக்கும் ஒரு கடைசி வரி வேண்டும்.

அந்தக் கடைசி வரிக்குக் கடலைப்போல வசதியான இடம் கிடையாது. கப்பலில் இருப்பவன் தப்பி ஓட முடியாது. வேண்டாதவனோடு ஒரே தளத்தில் நாள்கணக்கில் நிற்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அடிவானத்தில் ஒரு பாய் தெரியலாம். “அதோ, பாய்!” என்று அத்தியாயத்தை முடித்துவிட்டு, போர் மூள்வதற்குள் எதிரியின் யோசனை, காதலியின் கோபம், உபதளபதியின் சந்தேகம் என்று மூன்று வாரத்தை ஓட்டிவிடுவது சரித்திரத் தொடர்க்காரர்களின் வாடிக்கை. இழுக்கிறார் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் கணக்குப் போட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

தண்ணீர் மட்டத்துக்கு நாலு மீட்டர் மேலே, தளத்தில் நிற்பவனுக்கு அடிவானம் சுமார் 7 கி.மீ. பாய்மரத்தின் மேலே 16 மீட்டர் உயரத்தில் ஆள் ஏறி நின்றால் 14 கி.மீ. எதிரில் வரும் கப்பலின் பாயும் அதே உயரம் என்றால், அதன் நுனி 28 கி.மீ.க்கு அப்பாலேயே தலைகாட்டிவிடும். இப்போது துரத்தல். பாய்க்கப்பலுக்கும் பாய்க்கப்பலுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மணிக்கு மூன்று, நாலு கி.மீ. கூடுதலாக இருந்தாலே பெரிய காரியம். 28 கி.மீ. இடைவெளியை அந்த வேகத்தில் அடைக்க ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். காலையில் கண்ட பாயைச் சாயங்காலம்தான் எட்ட முடியும். நடுவில் காற்று விழுந்தால் ராத்திரி வந்துவிடும், இரையும் இருட்டில் நழுவிவிடும். கடல் துரத்தலில் பெரும்பகுதி காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில் மனுசர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதப் பழகியதுதான் சாண்டில்யனின் தொழில் ரகசியம்.

அடுத்து காற்று. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் காற்றுக்கு வெறும் திசைப் பெயர் வைத்து யாரும் பேசுவதில்லை. வைகாசி ஆனியில் எழும்பி மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து அடிப்பது கச்சான். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து இறங்குவது வாடை. இரண்டுக்கும் நடுவில் கொண்டலும் சோழகமும். கச்சான் எடுத்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும், வாடையில் தலைகீழ். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிற இந்த ஊர்க்காரர்கள் எந்தக் கடலில் எப்போது இறங்குவது என்பதை வைத்தே வருசத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

‘கடல் புறா’வின் உலகத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கதை கலிங்கத்தின் பாலூரில் தொடங்கிச் சுமத்ராவின் அட்சய முனைக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் போகிறது. பாலூரைத் தேர்ந்தெடுத்தது கண்மூடித்தனமான தேர்வல்ல. கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் நூலில் பலூரா என்று ஒரு கரையும், அங்கிருந்து வங்கக் கடலைக் குறுக்கே கடக்கும் தூரக் கணக்கும் வருகின்றன. நாகையிலிருந்து கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) நேர்க்கோட்டில் சுமார் 2,300 கி.மீ. கச்சான் பின்பக்கத்திலிருந்து தள்ள, மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ராப்பகலாக ஓடினால் பதினாலு நாளில் போய்விடலாம். திரும்ப வேண்டுமென்றால் வாடை வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். ஐந்தாறு மாதம். வீரன் அக்கரையில் மாட்டிக்கொள்வதும், அங்கே ஒரு வாழ்க்கையும் ஒரு காதலும் முளைப்பதும் கதைக்காக இட்டுக்கட்டிய தாமதமில்லை. பருவக்காற்று போட்ட கைவிலங்கு. காஞ்சனா தேவி ஒரு பக்கமும் மஞ்சளழகி ஒரு பக்கமுமாக நாயகன் இளையபல்லவன் கருணாகரன் தவிப்பதற்கு வாடைதான் பொறுப்பு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

‘யவன ராணி’யில் ஹிப்பலாஸ் என்ற பெயரை ஒரு பாத்திரத்துக்கு வைத்ததும் அந்த விவரத்தோடுதான். அரபுக் கரையிலிருந்து இந்தியாவுக்கு நடுக்கடல் வழியே குறுக்கே வரும் பாதையைக் கண்டவன் என்று பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் மாலுமியின் பெயர் அது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கே கிரேக்கர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த நாவலின் மன்னன் கரிகாலனைப் பாடும்போது புறநானூறு, காற்றை ஏவல் கொண்ட முன்னோரின் வழிவந்தவன் என்று சொல்லும்: ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’. ஒரு பக்கம் வெண்ணிக்குயத்தியாரின் வரி, இன்னொரு பக்கம் பெரிப்ளூஸ். இரண்டையும் முடிச்சுப்போட்டு நடுவில் ஒரு வேற்றுநாட்டு ராணியைப் புகார்க் கரையில் மயங்கிக் கிடக்க வைப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

இனி தண்ணீர் ஏறும் இடங்கள்.

ஒன்று, ஆழம். பெரிய போர்க்கப்பல் சோழநாட்டுக் கரையிலிருந்து தெற்கே வந்து மேற்குக் கடலுக்குள் நுழைகிற மாதிரி யாராவது எழுதினால் பாம்பன்காரர் சிரிப்பார். பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பதின்மூன்று மீட்டர் ஆழம்தான். ராமர் பாலத் திட்டில் பல இடங்களில் அதுவும் கிடையாது. தொடைத் தண்ணீர், நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். பாம்பன் கால்வாயை வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் பாறை உடைத்து ஆழப்படுத்திய பிறகும், அது சிறு கப்பலுக்கும் தோணிக்கும்தான் வழியாக இருந்தது. பெருங்கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். சரித்திர நாவலாசிரியர்கள் வரைபடத்தில் நீலமாக இருப்பதெல்லாம் கப்பல் ஓடும் கடல் என்று நம்பிவிடுகிறார்கள். சாண்டில்யன் பெரும்பாலும் தன் கப்பல்களை வங்கக் கடலின் ஆழத்தில் விட்டதால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பினார்.

இரண்டு, மரம். முகப்பில் புறா வைத்த அந்தக் கப்பலை அட்சய முனையில் கருணாகரன் உருவாக்கி முடிக்கும் பகுதி வாசகர்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மரக்கலம் கட்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அங்கே ஒரு விஷயம் நெருடும். பலகைக் கப்பல் கடலில் இறங்கிய அன்றே சண்டைக்குத் தயாராகாது. பலகை இடுக்குகளில் பஞ்சோ கயிற்றுநாரோ வைத்து, மொட்டை உளியால் தட்டித் திணிப்பார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அத்தனையும் செய்து இறக்கினாலும் முதல் சில நாள் ஒழுகும். காய்ந்த பலகை தண்ணீரில் ஊறிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கிய பிறகே கசிவு அடங்கும். அதுவரை ஆள் மாற்றி ஆள் தண்ணீர் இறைக்க வேண்டும். கலப்பத்தை அளவுக்கு மீறி இறுக்கி அடித்துவிட்டால், ஊறிய பலகைக்கு விரிய இடமில்லாமல் ஆணியோ தையலோ பிடுங்கிக்கொள்ளும். தளர்வாக அடித்தால் பஞ்சு முதல் அலையிலேயே வெளியே வந்துவிடும். இந்த நடுப்பதம் தெரிந்தவன்தான் ஓடாவி. சுவாரஸ்யமான ஒரு தோல்வி அங்கே கதைக்குள் வரக் காத்திருந்தது, எழுத்தாளர் கண்டுகொள்ளவில்லை.

கப்பல் புழுவும் அப்படித்தான். இந்த வெதுவெதுப்பான கடலில் பூச்சு இல்லாத மரத்தைச் சில மாதத்தில் சல்லடையாக்கிவிடும். வெளியே ஊசித்துளை, உள்ளே விரல் பருமனுக்குக் குடைவு. அதனால்தான் மரக்கலத்தை அவ்வப்போது கரையேற்றி, அடியைச் சுரண்டி, சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசினார்கள். கடாரத்தில் ஐந்து மாதம் வாடைக்குக் காத்துக்கிடந்த கப்பலுக்கு இந்த வேலை கட்டாயம். காதலுக்கு நடுவே நாயகன் அடி சுரண்டவும் ஆள் விட்டிருப்பான் என்று நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று, குடிதண்ணீர். நூறு பேர், ஆளுக்குச் சமையலும் சேர்த்து மூன்று லிட்டர், இருபது நாள்: 6,000 லிட்டர். ஆறு டன் எடை, சாடியிலும் தொட்டியிலும். அது குறையக் குறையக் கப்பல் இலகுவாகிச் சாயத் தொடங்கும். அடிப்பாரமாகக் கல்லோ மணலோ வேண்டும். தொண்டிப் பக்கம் இன்றும் விழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி விடுவார்கள். காற்று பலத்தால் காற்றுப் பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் நகர்ந்து போய் உட்கார்ந்து, வத்தை என்கிற அந்தப் படகு கவிழாமல் உடம்பால் நிறுத்துவார்கள். எடை எங்கே இருக்கிறது என்பதே பாய்க்கலத்தின் உயிர் என்பதை அந்த ஒரு பலகையைப் பார்த்தாலே போதும், புரிந்துவிடும். வாளும் வேலும் வரும் அளவுக்குச் சாண்டில்யனிடம் இந்த எடைக் கணக்கு வராது.

சரித்திரக் கணக்கில் ஒரு கேள்வி உண்டு. கருணாகரத் தொண்டைமான் கற்பனை ஆளில்லை; ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி கொண்டாடும் தளபதி. அந்தக் கலிங்கப் போர் 1110 வாக்கில். நாவலோ, குலோத்துங்கன் 1070இல் பட்டமேறும் முன்பு, வீரராஜேந்திரன் காலத்தில் நடக்கிறது. அப்போதே பெரும்படை நடத்தும் வாலிபன் என்றால் பரணியின் போரில் அவனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முடியாததில்லை. ஆனால் அடிக்குறிப்பில் ஆதாரம் காட்டும் எழுத்தாளர் என்பதால் வாசகர்கள் கதையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, அடிபணிந்த மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்வதுதான் அடித்தளம். மேலே எழும்பிய மாடமெல்லாம் அவருடையது.

‘ராஜ முத்திரை’ நம் கரைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. பாண்டிய நாட்டு முத்து களவுபோவதிலிருந்து கதை எழும்புகிறது. முத்து என்றால் வாசகனுக்குப் பளபளப்பு. மன்னார் வளைகுடாக்காரர்களுக்கு நாற்றம். பத்திலிருந்து இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் பார் என்று சொல்லும் பாறைத் திட்டில் சிப்பி படியும். வாடையும் அடங்கி, கச்சானும் எழும்பாத பங்குனி சித்திரையில்தான் குளிக்க முடியும். காலில் கல் கட்டி இறங்கி, ஒரு மூச்சில், அதாவது ஒரு நிமிசம் சொச்சத்தில், கைக்கு வந்த சிப்பியை அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். கரையில் குவித்த சிப்பியை உடைப்பது கிடையாது. நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்க, அப்புறம் கழுவி எடுப்பார்கள். சிப்பியில் பெரும்பாலானது வெறுமை. சில வருசம் பாரே காணாமல் போய்விடும். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளுக்கு இந்தக் குளிப்பில் தோணி உரிமை இருந்தது. தூத்துக்குடியில் கடைசிப் பெருங்குளிப்பு 1961இல் முடிந்தது. இத்தனை நிச்சயமின்மையில் சேர்ந்த முத்தை ஒருவன் திருடினால் ராஜ்யமே ஏன் கொதிக்கும் என்பது நாவலில் இருப்பதைவிட இந்தக் கரையில் நன்றாக விளங்கும்.

பெண் வர்ணனை பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பக்கம் பக்கமாக வரும். கதை நின்று, கேமரா மட்டும் நகரும். அந்தக் காலத்தில் வீட்டில் ஒளித்து வைத்துப் படித்தார்களே, அதற்கும் காரணம் இதுதான். இன்றைக்கு அலுப்பதற்கும் இதுதான். புதிதாக வாசிப்பவர்கள் தயங்காமல் தாண்டிப் போகலாம், கதை ஒன்றும் நஷ்டமாகாது. ஓவியர் லதாவின் படங்கள் இதே வேலையை நாலு கோட்டில் முடித்துவிட்டன.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ‘யவன ராணி’ இரண்டு பாகம், முதலில் அது. பிறகு ‘கடல் புறா’ மூன்று பாகம். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே வரும் ‘ஜல தீபம்’ மூன்றாவதாக. அதில் கப்பல்கள் நிஜக் கப்பல்களுக்கு இன்னும் நெருக்கம், பீரங்கி வந்துவிட்ட காலம். ‘கன்னி மாடம்’, ‘மன்னன் மகள்’ எல்லாம் தரைக்கதை, எப்போது வேண்டுமானாலும்.

புத்தகம் வானதி பதிப்பகத்தில் கிடைக்கிறது. கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கிறார்கள், மலிவாகவும் கிடைக்கும். சாண்டில்யனுக்கு 2009இல் அரசு அதே யோசனையை முன்வைத்தபோது வாரிசுகள் ஒப்புக்கொள்ளவில்லை. இறந்து 60 ஆண்டு என்ற சட்டப்படி 2047 முடியும்வரை உரிமை அவர்களுடையது. இணையத்தில் சும்மா சுற்றும் கோப்புகள் திருட்டுச் சரக்கு. பல அத்தியாயம் விடுபட்டதும் உண்டு.

இதைவிட அருமையான பதிப்பு ஒன்று பழைய வீட்டுப் பரண்களில் கிடக்கும்: குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு. கடலோரத்தில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. உப்புக்காற்று முதலில் கம்பிப் பின்னைத் தின்னும். துருவின் கறை நாலைந்து தாளுக்கு இறங்கி அந்த இடமே பொடியும். எனவே பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்தது மட்டும்தான் தப்பித்திருக்கும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்காமல் ஒட்டியிருந்தால் முதுகைப் பூச்சி அரித்திருக்கும். அப்படி ஒரு பைண்டு கிடைத்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், பத்திரிகைத் தாள் நொறுங்கிவிடும். கச்சான் காலத்து வறண்ட காற்றில் நிழலில் விரித்துவைத்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். அடிவானத்தில் பாய் தெரிந்த இடத்தில் திருப்பினால், பின்பக்கத்தில் பாதியில் அறுந்த ஒரு சிரிப்புத் துணுக்கும் தைல விளம்பரத்தின் மேல்பாதியும் இருக்கும்.